பச்சைத் துண்டுக்கு வாடகை 60 ரூபாய்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

சென்ற சனிக்கிழமைக் கூட்டத்தில், "ஒரு நாள் விவசாயி" சுற்றுலாவை இனி வருடா வருடம் நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தீர்கள். நான் கை தூக்கினேன். "நேரமில்லைங்க மேடம், எழுதிக் கொடுத்துடுங்க" என்று பதில் வந்தது. சரி, எழுதிக் கொடுக்கிறேன். யாராவது ஒருவர் படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. நம் பள்ளியைச் சந்தி சிரிக்க வைப்பது என் எண்ணமில்லை. சேலத்தில் இதைச் செய்யும் பள்ளி நம்முடையது ஒன்றாக மட்டும் இருக்கவும் முடியாது.

நான் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்றேகால் ஏக்கர். இரண்டு ஏக்கரில் மரவள்ளி, மீதியில் தக்காளி, கத்தரி, கீரை. வரப்போரம் கொஞ்சம் பாக்கு, கிணற்றடியில் நான்கு மாமரம், கொட்டகையில் இரண்டு மாடு. நான் பி.காம். படித்தவள். இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத செய்திதான். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியதைப் பார்த்து, "அக்ரி பிசினஸ்னு போட்டுக்கலாமே மேடம்" என்று அலுவலகத்தில் அன்பாக யோசனை சொன்னார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சுற்றறிக்கை இப்போது என் முன்னால் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 1,450 ரூபாய். மாட்டுவண்டிச் சவாரி, பால் கறத்தல், காய்கறி அறுவடை, முயலுக்குத் தீனி, "பாரம்பரிய மதிய உணவு", கடைசியில் சான்றிதழ். ஆண் பிள்ளைகளுக்கு வேட்டி, தலைப்பாகை, பச்சைத் துண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கண்டாங்கிச் சேலை, இடுப்பில் கூடை. வீட்டில் இல்லாதவர்கள் பள்ளியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். துண்டுக்கு மட்டும் 60 ரூபாய். எங்கள் வீட்டில் பச்சைத் துண்டு கிடையாது. என் வீட்டுக்காரர் வெயிலுக்குத் தலையில் சுற்றுவது ஒரு பழைய ஈரிழைத் துண்டு. வாங்கும்போது அது என்ன நிறமாக இருந்தது என்று அவருக்கே மறந்துவிட்டது. நான் காட்டுக்குப் போவது நைட்டி மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. கண்டாங்கி கட்டிக்கொண்டு தக்காளிச் செடிக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்து பாருங்கள், தெரியும்.

பணம் கட்டினோம். எல்லோரும் போகும்போது நம் பெண் மட்டும் வீட்டில் உட்காரக் கூடாது என்று கட்டினோம். உங்களுக்கும் இது தெரியும். இந்த மாதிரி வசூல்கள் எல்லாம் ஓடுவதே இந்த ஒரு பயத்தில்தான்.

திரும்பி வந்து அவள் சொன்னதைச் சொல்கிறேன். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஒரு விடுதிக்குள் போயிருக்கிறார்கள். விடுதியின் பின்பக்கம்தான் 'பண்ணை'. ஒரு மாடு. எழுபது பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். இவள் "கன்னுக்குட்டி எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. காலையில் கறந்து முடித்த மாட்டை எழுபது பேர் இழுத்தால் மாட்டுக்கு என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அப்புறம் கேரட் அறுவடை. பாத்தியில் வரிசையாகக் கேரட் இருந்தது, பிள்ளைகள் இழுத்தார்கள், வந்தது, போட்டோ எடுத்தார்கள். "அம்மா, அதெல்லாம் கழுவின கேரட்டும்மா. தழையே இல்லை. காலையில செருகி வெச்சிருக்காங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "கடையில வாங்குனதக் கொண்டாந்து மண்ணுல பொதைச்சாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மதியம் பாரம்பரிய உணவு என்று பன்னீர் மசாலாவும் ஸ்வீட் கார்னும் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் பாக்கெட் பொடியில் கலந்த காபி. இதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. 1820-களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இரண்டு நூற்றாண்டாக அந்த மலையில் காபி விளைகிறது. சுற்றுலா போன தை மாதத்தில் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். சில்வர் ஓக் மரத்தடியில் காபிச் செடி, அந்த மரத்திலேயே ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி, களத்தில் காயும் கொட்டை, அதைக் கால்களால் கிளறிவிடும் பெண்கள், எல்லாமே ரோட்டோரத்திலேயே கிடைக்கும். நம் பிள்ளைகளின் பேருந்து அதையெல்லாம் தாண்டிப் போய், செருகி வைத்த கேரட்டைப் பிடுங்கிவிட்டு இறங்கி வந்திருக்கிறது.

இதோடு போயிருந்தால் ஒரு வெட்டிச் செலவு என்று விட்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்து அறிவியல் பயிற்சித்தாள் வந்தது. 'உணவு எங்கிருந்து வருகிறது' என்பது பாடம். தானியம், பயறு, கிழங்கு, காய் என்று வகைப்படுத்த வேண்டும். ஜவ்வரிசியை என் மகள் கிழங்கு என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'தானியம்' என்று திருத்தியிருக்கிறார்கள். விடைக்குறிப்பை அச்சடித்துக் கொடுத்த கம்பெனி எந்த ஊரோ, தெரியாது. பெயரில் அரிசி இருப்பதால் தானியத்தில் சேர்த்துவிட்டார்கள் போல. வேறு எந்த ஊர் என்றாலும் போகட்டும் என்று விடலாம். இது சேலம். மரவள்ளி லாரி போகாத ஒரு நாள் உண்டா இந்த ஊரில்? இரண்டாம் உலகப் போரில் மலாயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ல் இங்கே கையால் அரைத்துச் செய்து பார்த்துத் தொடங்கிய தொழில் அது. 1981-ல் அதற்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் 'சேலம் ஜவ்வரிசி' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரின் நடுவில் இருக்கும் பள்ளியில், ஜவ்வரிசி கிழங்கிலிருந்து வருகிறது என்று எழுதிய விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு மதிப்பெண் போனது. அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். "புக்ல என்ன இருக்கோ அதை எழுது" என்று பதில்.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஜவ்வரிசி செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கார்த்திகை மாதமே நான் பள்ளிக்கு எழுதியிருந்தேன்: மாசியில் எங்கள் காட்டில் கிழங்கு வெட்டு நடக்கும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்து வாருங்கள், ஒரு ரூபாய் வேண்டாம் என்று. முதலில் வந்த பதில், வனப்பகுதிக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல அனுமதியில்லை என்பது. எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அங்கே கரடியெல்லாம் இல்லை. விளக்கிச் சொன்னபின் வெளிப்படையான காரணங்கள் வந்தன. தூசி, பாம்பு, கழிப்பறை, பெற்றோர் விரும்பமாட்டார்கள். கடைசியாக ஒருவர், நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுல பார்க்க என்னங்க இருக்கு, கிழங்குதானே?"

கிழங்குதான். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மரவள்ளிக்கு நாங்கள் விதை போடுவதில்லை. போன வெள்ளாமையின் குச்சியை நிழலில் நிறுத்தி வைத்து, அதைச் சாண் நீளத்துக்குக் கரணையாக நறுக்கி நடுவோம். கணு மேல் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக நட்டால் முளைப்பு கெட்டுப் போகும். நறுக்கும்போது நசுங்கினால் அழுகும். முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து என்று ரகங்கள். குச்சியின் நிறத்தை வைத்தே என் மாமியார் சொல்லிவிடுவார். நட்டதிலிருந்து வெட்டுவதற்குப் பத்து மாதம். ஒரு பிள்ளை அம்மா வயிற்றில் இருக்கும் காலம். அந்தப் பத்து மாதமும் ரூபாய் ஒன்றும் உள்ளே வராது, வெளியேதான் போகும். களை வெட்ட ஆள் கூலி, உரம், சொட்டுநீர்க் குழாயை எலி கடித்தால் அதற்கு ஒட்டு.

நடுவில் பூச்சி. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி சீக்கிரமே இந்தப் பக்கம் வந்துவிட்டது. கொழுந்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி தலையில் முடிச்சுப் போட்ட மாதிரி குட்டையாக நின்றுவிடும். மருந்து அடித்தோம். வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு சுருட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை. அந்த வருடம் எங்களுக்கு ஏக்கருக்குப் பாதி விளைச்சல்கூட வரவில்லை. அப்புறம் விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச்சில் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துத் திறந்துவிட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே இருந்து பூச்சியைத் தின்றுவிட்டு வெளியே வரும். கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பூச்சியின் பூர்வீகமும் அங்கேதான், குளவியின் பூர்வீகமும் அங்கேதான். மூன்றும் கடல் தாண்டி வந்து வாழப்பாடிப் பக்கம் சந்தித்துக்கொண்டன. புவியியல், உயிரியல் இரண்டும் இதில் இருக்கிறது. முயலுக்குப் புல் கொடுப்பதில் இருக்கிறதா?

இன்னொன்று. பச்சை மரவள்ளியிலும் அதன் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. போன வருடம் பக்கத்துக் காட்டுக்காரரின் ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் மரவள்ளிக் கொழுந்தை மேய்ந்தது. மருத்துவர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் அவள் ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம் போய், "அப்போ நாம எப்படி ஆயா திங்கிறோம்?" என்று கேட்டாள். தோலை முழுதாக உரிக்க வேண்டும், திறந்த பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று ஆயா காட்டிக் கொடுத்தார். அந்தப் பாத்திரத்தடியில் என் பெண் கற்றுக்கொண்டதை எந்தச் சான்றிதழிலும் எழுதமாட்டார்கள்.

வெட்டு நாளுக்கு வருவோம். விடியற்காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். குச்சியை அரையடி விட்டு வெட்டிவிட்டு, அடிக்கட்டையைப் பிடித்து ஆட்டி இழுத்தால், ஒரு கொத்துக் கிழங்கும் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். வராவிட்டால் கடப்பாரை. கிழங்கு மண்ணுக்கு வெளியே வந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கீற்று ஓடிக் கெட ஆரம்பிக்கும். அதனால் லாரி வந்தாக வேண்டும், சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், இடம் கிடைத்தாக வேண்டும். விலை குறைவு என்று இரண்டு வாரம் மூட்டை கட்டி வைத்திருக்கும் பேச்சே இல்லை. மில்லுக்காரருக்கும் அது தெரியும்.

மில்லில் எடைக்கு மட்டும் காசு இல்லை. சாம்பிள் எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். ஒரு பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய். பெருக்கினால் டன் விலை. ஒரு கணக்குக்குப் பாயிண்ட்டுக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். 28 பாயிண்ட் என்றால் டன் 8,400. 25 என்று சொல்லிவிட்டால் 7,500. பத்து டன் கொண்டுபோனவருக்கு அந்த மூன்று பாயிண்ட்டில் 9,000 ரூபாய் போச்சு. வெட்டுவதற்கு முன்னால் மழை பிடித்தால் பாயிண்ட் இறங்கும். ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்? என் பெண் இந்தக் கணக்கை மனதிலேயே போடுவாள். போடும்போது அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவாள்.

மில்லுக்குள் கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். அடியில் படிந்த மாவைக் கட்டியாக வெட்டி எடுத்து உடைத்து, தூளியில் போட்டுக் குலுக்கினால் மாவு குருணையாக உருளுகிறது. சல்லடையில் சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. நாம் பாயசத்துக்கும் வடாமுக்கும் கைப்பிடியாக எடுப்பதை, மகாராஷ்டிரத்தில் விரத நாளில் கிச்சடியாகத் தட்டு நிறையச் சாப்பிடுகிறார்கள். இங்கிருந்து போவதில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். அவர்களுக்குப் பண்டிகை வந்தால் நமக்கு விலை அசையும். வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் நல்ல விலை என்பதால் சில இடங்களில் வெளுக்க ரசாயனம் போடுவதும், மக்காச்சோள மாவு கலப்பதும் உண்டு. அதிகாரிகள் சோதனை போடுவதும் உண்டு. இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்பேன். கடையில் அம்மாவிடம், "கொஞ்சம் மங்கலா இருக்கறதையே வாங்கும்மா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது போதும்.

போன வருடக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டன் 12,000-க்கு மேல் விற்ற வருடத்தையும் பார்த்திருக்கிறோம், அதில் பாதிக்கும் கீழே விழுந்ததையும் பார்த்திருக்கிறோம். போன வருடம் விழுந்த வருடம். இரண்டு ஏக்கருக்கும் கூலி, உரம், லாரி வாடகை எல்லாம் போக, பத்து மாதத்துக்குக் கையில் நின்றது 22,000-க்குக் கொஞ்சம் கீழே. உங்கள் சுற்றுலாவில் 15 பிள்ளைகளின் கட்டணம். ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் ரசீது கையில் வந்தபோது என் மனம் தானாகவே வகுத்துப் பார்த்துவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான்: சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கணக்கோடு சொல்லிக்கொடுங்கள். பாரம், வெயில், நஷ்டம், பேரம், செத்த ஆடு எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் வேலை. அதையெல்லாம் வடிகட்டிவிட்டு மாட்டுவண்டியையும் தலைப்பாகையையும் மட்டும் காட்டினால், பிள்ளைகள் எங்களைப் பற்றித் தப்பாகக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். சுற்றுலா முடிந்து வந்த அன்று ஒரு பையன் என் பெண்ணிடம், "உங்க வீட்ல டெய்லி இப்படி ஜாலியாத்தான் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறான். பொறாமையாகக் கேட்டிருக்கிறான், பாவம்.

பிள்ளைகள் எல்லாம் விவசாயி ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் பெண்ணே ஆவாளா என்று தெரியாது. அவளுக்கு இப்போதைக்கு விமானம் ஓட்ட வேண்டும்.

பள்ளித் தோட்ட விஷயத்துக்கும் வருகிறேன். ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெண்டையும் அரைக்கீரையும் போட்ட பாத்தி இருந்ததே, அதற்கு விதை கொடுத்தது நான்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அது சிமெண்ட் தளமாக இருந்தது. இப்போது மூன்று வேன் நிற்கிறது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பாத்தியில் ஒரு பிள்ளை தினமும் இடைவேளையில் போய் வெண்டைப் பூ காயாவதை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான் என்று அவன் அம்மா சொன்னார். வேனுக்கு இடம் வேண்டும், புரிகிறது. சுற்றுச்சுவர் ஓரமாகவே முப்பதடி சும்மா கிடக்கிறது, செருப்பும் உடைந்த பெஞ்சும் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

சாக்குப் போக்குகள் எல்லாவற்றையும் நான் தள்ளிவிடவில்லை. எழுபது பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் ஆசிரியருக்கு அது உயிரைக் கையில் பிடிக்கிற வேலை. கழிப்பறை நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கிறது, பேசிவிட்டேன். பாம்பு எங்கள் காட்டில் உண்டு. ஆட்கள் நடமாட்டமும் சத்தமும் இருக்கும் வெட்டு நாளில் அது பக்கத்தில் வராது, ஆனாலும் பிள்ளைகள் ஷூ போட்டுத்தான் வர வேண்டும். மண் ஒட்டும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

"பெற்றோர் விரும்பமாட்டார்கள்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் அம்மாப்பேட்டை உழவர் சந்தையில் நான் கடை போடுகிறேன். நம் பள்ளிப் பெற்றோர் பலர் அங்கே வருகிறார்கள். 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தபோது சொன்ன எண்ணமே, விளைவித்தவனும் வாங்குகிறவனும் இடையில் ஆள் இல்லாமல் முகம் பார்க்கட்டும் என்பதுதான். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் கடை, தராசு இலவசம், காலையில் பலகையில் எழுதுகிற விலைதான் விலை. அந்தப் பலகையைப் படித்த பிறகும் புதினாக் கட்டில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். குறை சொல்லவில்லை, நானும் துணிக்கடையில் அப்படித்தான். ஆனால் கேட்டுக்கொண்டே, "இது எந்த ஊருங்க, மருந்து அடிச்சதா, எப்போ பறிச்சது?" என்றும் கேட்கிறார்கள். தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. அந்த ஆசையோடு வந்த ஐந்து பெற்றோரிடம் கிழங்கு வெட்டைப் பற்றிச் சொன்னேன். ஐந்து பேரும் அனுப்புகிறோம் என்றார்கள். இருவர் தாங்களும் வரலாமா என்று கேட்டார்கள்.

மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் இன்னும் போடுகிறார்கள். 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அந்தத் தானியம் செடியில் எப்படி நிற்கிறது என்று காட்டலாம். காபிக் களத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். எதற்கும் வேடம் தேவைப்படாது.

இனி நான் கேட்பவை. "ஒரு நாள் விவசாயி" சுற்றுலாவைக் கட்டாயமாக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். விடுதி விரும்புகிறவர்கள் தங்கள் செலவில் போகட்டும். வாடகைத் துண்டும் தலைப்பாகையும் இனி எந்தச் சுற்றறிக்கையிலும் வேண்டாம். ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவையும் தனித்தனி நாளில், பள்ளி வேனிலேயே, காலை ஏழு மணிக்கு எங்கள் காட்டுக்கு அனுப்புங்கள். பத்தரைக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் என் பொறுப்பு. கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது, பள்ளியும் என் பெயரில் வாங்கக் கூடாது. அதே வாரம் ஒரு சேகோ மில்லைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒரு மில்லுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், பள்ளி லெட்டர்ஹெட்டில் கடிதம் வந்தால் அனுமதிப்பதாகச் சொன்னார்.

சுவரோரத்து முப்பதடியைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். விதை, எரு, முதல் கொத்து என் பொறுப்பு. கேன்டீனில் அன்றன்றைய காய் எந்த ஊரிலிருந்து, எந்தச் சந்தை வழியாக வந்தது என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ஆரம்பத்தில் 'தெரியவில்லை' என்றே நிறைய எழுத வேண்டியிருக்கும், எழுதுங்கள். அந்தப் பயிற்சித்தாளைத் திருத்தி, ஜவ்வரிசியைக் கிழங்கு என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுங்கள். என் பெண்ணைத் தவிர இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து.

கிழங்கு மாசி முதல் வாரத்துக்கு மேல் வெட்டுக்குத் தயார். லாரியும் ஆளும் கிடைப்பதைப் பொறுத்து தேதி இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் சாலையோரத்து அரை ஏக்கரை மட்டும் கடைசியாக வெட்டச் சொல்லி நிறுத்தி வைப்பேன். அதற்கு மேல் நிறுத்த முடியாது. ஆகவே பத்து நாளைக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா,
விவசாயம், குப்பனூர்ப் பக்கம்